ஸ்க்ரூவைத் திருகலாமா, கார்புரேட்டரைக் கழற்றலாமா?

மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய பைக், சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் திருகாமல் நிற்கும்போது) அணைந்து போகிறதா? மேலே காற்று மெலிசு. அதே பெட்ரோலுக்குக் காற்று பற்றாது. வழி இரண்டு: ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவது, அல்லது கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது.

செலவு: ஐடில் ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும். கழற்றினால் மெக்கானிக் கூலி.

நேரம்: இன்ஜின் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருகினால் இரண்டு நிமிடம். இன்னொன்றுக்கு வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும்.

நிலைப்பு: இங்கேதான் விஷயம். ஐடிலிங்கில் பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அதில் பெட்ரோல் பிசின் அடைத்திருந்தால் எவ்வளவு திருகினாலும் மறுநாள் பழைய கதைதான். எனக்குக் குன்னூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் ஆஃப்!

இரண்டு நாள் சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு ஸ்க்ரூ போதும். சமவெளிக்குப் போனதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். சூடான பிறகும் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் லீவர்) இழுத்தால்தான் நிற்காமல் ஓடுகிறதா? அப்போ ஜெட் அடைப்புதான், கழற்றத்தான் வேண்டும்.