எழுதப்படாத காய்ச்சல்

கார்த்திகை மழையில் ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு ஒரு காய்ச்சல் நிச்சயம். அதில் எனக்கு வருத்தமில்லை.

மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராத்திரி மகளுக்கு 103 டிகிரி ஏறவும் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கேஷுவாலிட்டி பெஞ்சு முழுக்கப் பிள்ளைகள், எல்லாருக்கும் அதே இருமல், அதே கொதிப்பு. பாதிப் பேர் எங்கள் ஊர்தான். டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகப் பார்த்தார். நாங்கள் இருக்கும் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், மணிக்கணக்காகக் காக்க வைத்திருப்பார்கள். ஆனால் சீட்டில் மருந்து பேர் மட்டும்தான். பில்லிலோ ஊசி, பஞ்சு, கையுறை வரை தனித்தனி வரியாக எழுதியிருந்தது! எதற்காக வந்தோம் என்பது எங்குமே இல்லை.

"இன்னைக்கு எத்தனை காய்ச்சல்னு எழுதி வைப்பீங்களா சிஸ்டர்?"

"டெங்கு பாசிட்டிவ்னா கவர்மென்டுக்கு அனுப்புவோம் மேடம். இதெல்லாம் சாதா வைரல்தானே."

அந்த 'சாதா'தான் மனசை அறுத்தது. அமெரிக்காவில் எமர்ஜென்சிக்குப் போகிறவர் சொல்லும் தொந்தரவும் டாக்டர் போடும் நோய்க் குறியீடும், பெயர் இல்லாமல், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுகாதாரத் துறைக்குப் போய்விடும். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. எமர்ஜென்சிக்கு வந்தவர்களில் ஃப்ளூ எத்தனை சதவீதம், கோவிட் எத்தனை, கைக்குழந்தைகளைப் படுத்தும் ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் எத்தனை என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. வாராவாரம் போடுகிறது. அந்த வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாங்கள் போக மாட்டோம்.

நம்மிடமும் ஏற்பாடு உண்டு. 2004-லேயே ஐ.டி.எஸ்.பி. என்ற அரசு நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தாயிற்று. அறிகுறிக்கு எஸ் படிவம், டாக்டர் கணிப்புக்கு பி, லேப் முடிவுக்கு எல். மறுநாள் காலையிலேயே கிராம சுகாதார நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்து வாசலில் நின்றார். "ஏம்மா, புள்ளைக்கு என்னைக்கு ஆரம்பிச்சுது? இருமல் இருக்கா? உடம்புல தடிப்பு ஏதும்?" எவ்வளவு அக்கறை! நியூ ஜெர்சியில் எந்த நர்ஸ் என் வீடு தேடி வந்தார்?

அவர் நோட்டில் எங்கள் தெருவுக்குக் காய்ச்சல் என்று ரெண்டே வீடு. கேஷுவாலிட்டியில் பார்த்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இது ஒண்ணுமே எங்களுக்கு வரலியேம்மா" என்று எழுதிக்கொண்டே போனார். எழுத எழுத மேலத்தெரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகவே வந்தது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம் கேட்டார்.

பஞ்சுக்குக்கூட பில்லில் ஒரு வரி எழுதத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரிகள், காய்ச்சல் எத்தனை, எந்த ஊர் என்று தினமும் ராத்திரி ஒரு வரி அனுப்பட்டும். மாவட்ட சுகாதார அதிகாரிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், இந்த மழைக்காலம் முடிவதற்குள்ளேயே.