பழைய காரில் காலை ஸ்டார்ட்டிங் சிக்கலா? பெட்ரோல் பம்ப் மாற்றப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குன்னூரில் இருக்கிறேன். வண்டி 2008 மாடல் சான்ட்ரோ, பெட்ரோல். அப்பா வாங்கியது. இந்தக் குளிர்காலத்தில் மலைக்குக் கீழே உள்ள ஓர் ஒர்க்‌ஷாப்பில் காலையில் ஸ்டார்ட் ஆகாத கோளாறுக்காக 16,200 ரூபாய் கொடுத்தேன். கோளாறு தீர்ந்தது வேறோர் இடத்தில், 780 ரூபாயில். பணம் வாங்கிக்கொண்ட வேலைகளில் ஒன்றை அவர்கள் செய்யவே இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

நவம்பர் கடைசியில் தொடங்கியது. காலையில் செல்ஃப் நன்றாக அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. நாலைந்து முறை சாவியைத் திருப்பிய பிறகு பிடித்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சடைத்தது போல நின்று, பிறகு வெடுக்கென்று இழுக்கும். எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற்றம். மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, பின்னால் பஸ் வந்துகொண்டிருக்க, வண்டி அந்த ஏற்றத்தில் திணறினால் எப்படி இருக்கும் என்று மலையில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் ஓடிவிட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடும். டாஷ்போர்டில் இன்ஜின் லைட்டும் எரியவில்லை.

"சூடானால் சரியாகிவிடுகிறது" என்று ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறையும் சொன்னேன். மூன்று முறையும் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. முதல் முறை ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங் என்று 5,800 ரூபாய். மறுநாள் காலை அதே திணறல். இரண்டாம் முறை, "மேடம், பெட்ரோல் பம்ப் வீக்காகிடுச்சு, பிரஷர் வரல" என்றார்கள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் அந்த பம்ப் புதிதாக, லேபர் எல்லாம் சேர்த்து 10,400. பழைய பம்பைக் கேட்டதற்கு, வாரண்ட்டிக்காகக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. புதிதாக வாங்கும் பொருளுக்குத்தானே வாரண்ட்டி, பழைய பம்பை ஏன் அனுப்ப வேண்டும்? அப்போது எனக்கு இது தோன்றவில்லை. மூன்றாம் முறை ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 28,000 ஆகும் என்றார்கள். அன்றைக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "அக்கா, வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல நான் பாக்கற வரைக்கும் யாரும் சாவியத் தொடக் கூடாது" என்றார்.

இதுதான் நான் இழந்த பணத்துக்கான பதில். என் வண்டி மலையிறங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது நன்றாகச் சூடாகியிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் கோளாறைச் சூடான இன்ஜினில் யாரால் பார்க்க முடியும்? இரவு அங்கேயே நிறுத்தினாலும் கீழே இங்கே போலக் குளிர் கிடையாது, காலையில் ஓரளவு எளிதாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். அதைக் காட்டித்தான் "சரியாகிடுச்சு" என்று சாவியைக் கொடுத்தார்கள்.

காலை ஆறு மணிக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சார்களின் ரீடிங்கைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினார். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை 11 டிகிரி, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை 78 டிகிரி என்று காட்டியது. இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஈசிஎம் பெட்ரோலைக் கூடுதலாக விட வேண்டும். ஏற்கெனவே சூடாக இருப்பதாக நம்பினால் குறைவாக விடும். அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால்தான் மிதித்தபோது திணறல். உண்மையாகவே சூடான பிறகு பொய்யும் உண்மையும் ஒன்றாகிவிடுவதால் வண்டி நன்றாக ஓடியது. 78 டிகிரி என்பது நம்பக்கூடிய அளவு என்பதால் ஈசிஎம் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை, லைட்டும் எரியவில்லை.

சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரிலும் காட்டினார். இந்த வகை சென்சார் குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல் காட்ட வேண்டியது, முந்நூற்றுச் சொச்சத்திலேயே நின்றது. கனெக்டருக்குள் கூலன்ட் கசிந்து பச்சைப் படலம். புது சென்சார் 480, கூலி 300.

பம்ப் பற்றிச் சொன்னதும் அவர் பின் சீட்டைத் தூக்கினார். இந்த வண்டியில் பம்புக்கான மூடி அங்கேதான் இருக்கிறது. மூடி மேல் வருடக்கணக்கான தூசி அப்படியே படிந்திருந்தது. ஸ்க்ரூக்களில் துரு. ஒரு ஸ்க்ரூடிரைவர் கூட அதைத் தொட்டதற்கு அடையாளம் இல்லை. எதையும் துடைக்காமல் போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டேன்.

அந்த பம்ப் பழுது என்பதே சந்தேகத்துக்குரியது. பம்ப் வீக்காக இருந்தால் முழு மிதி மிதித்து மலையேறும்போதுதான் முதலில் தெரியும். என் வண்டி சூடான பிறகு, மலைப்பாதையில் கீழே உள்ள பர்லியாரிலிருந்து குன்னூர் வரை ஒரு இடத்தில்கூடத் திணறாமல் ஏறியது. பம்பின் வால்வு கசிந்து இரவில் பிரஷர் இறங்கிவிட்டாலும் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகும், அது உண்மை. ஆனால் அப்போது சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பம்ப் ஓடும் சத்தம் அடங்கிய பிறகு செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் உடனே பிடித்துவிடும். எதுவானாலும் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு யாரும் கேஜில் எண்ணைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

பம்ப் மாற்றியதாகச் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டோவை அனுப்பியதும் முதலில் "வேற வண்டியோட கணக்கு கலந்துடுச்சு மேடம்" என்றார்கள். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. என் கையில் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு தாள். நல்லவேளை, பணத்தை போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

காலையில் மட்டும் திணறும் வண்டியாக இருந்தால் முந்தின நாளே கொண்டுபோய் விட்டுவிட்டு, குளிர்ந்த இன்ஜினில் ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள். பம்ப் மாற்றியதாகப் பணம் கொடுத்தவர்கள், மூடி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியாக இருந்தால், இன்றைக்கே தூக்கிப் பாருங்கள். தூசி கலையாமல் இருந்தால் துடைத்துவிடாதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள்.