மொட்டையனுடன் 22 மாதங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரத்து மர ஸ்டூலின் மேல், இடுப்புவரை மட்டுமே உள்ள ஒரு மனித உருவ ரோபோ 22 மாதங்களாக உட்கார்ந்திருக்கிறது. பாகங்களை வீட்டிலேயே, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் 3டி பிரிண்டரில் அச்சடித்து நானே பூட்டியது. கால் கிடையாது. ஒரே ஒரு கை இருந்தது, அதையும் போன மாதம் கழற்றிவிட்டேன். தலையில் முடி இல்லாததால் அம்மா வைத்த பெயர் மொட்டையன். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு செலவு, நாமும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளர். நானும் மனைவியும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் வீடு. மகள் கோவையில் படிக்கிறாள். 76 வயது அம்மா பகல் முழுவதும் தனியாக இருக்கிறார். கடையில் வாங்கலாம் என்றால், 2024இல் சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் அறிவித்த ஜி1 மனித உருவ ரோபோவின் ஆரம்ப விலையே அப்போது 16,000 டாலராக இருந்தது. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

வழி காட்டியது இன்மூவ் என்ற ரோபோத் திட்டம். கயேல் லாஞ்சவான் என்ற பிரெஞ்சுச் சிற்பி 2012இல் ஒரு செயற்கைக் கையில் தொடங்கி, ஆளுயர ரோபோ ஒன்றின் பாகங்களை எல்லாம் யாரும் அச்சடித்துக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுத்துவிட்டார். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 12 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்கும் துண்டுகளாகவே வடிவமைத்திருப்பதால் சின்ன பிரிண்டரே போதும். நான் தலையையும் உடலையும் வலது கையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதங்கள் அச்சடிப்பிலேயே போயின. அதில் பாதி என் மடத்தனம். வேலையை ஆரம்பித்தது ஐப்பசியில். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை சுவரே வியர்க்கும். பிளாஸ்டிக் கம்பிச் சுருளைப் பிரித்து அப்படியே மாட்டிவைத்தேன். இரண்டாம் வாரம் பிரிண்டர் மூக்கிலிருந்து கடுகு தாளிப்பதுபோலப் படபடவென்று சத்தம். பாகங்களில் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. மறுநாள் கம்பி குழாய்க்குள்ளேயே முறிந்தது. பிஎல்ஏ என்ற அந்தப் பிளாஸ்டிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உருகும்போது அந்த ஈரம் ஆவியாகி வெடிக்கும். கொழுந்தை வாட்டி, உருட்டி, கடைசியில் 3 சதவீத ஈரத்துக்குக் காயவைக்கிற இடத்தில் 19 வருடம் வேலை செய்தவனுக்குக் கம்பியைக் காயவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை! இப்போது 45 டிகிரியில் ஆறு மணி நேரம் காயவைத்து, நீல சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன். மணி ரோஜா நிறத்துக்கு மாறினால் மறுபடி வறுக்க வேண்டும். மழைக்காலத்தில் அது வாரம் ஒரு வேலை.

அடுத்த தொல்லை மின்சாரம். அதையாவது முதலிலேயே சரியாகச் செய்திருக்க வேண்டும், அதுதானே என் தொழில். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ. எல்லா இடத்துக்கும் எம்ஜி996ஆர் என்ற ஒரே வகை சர்வோவை வாங்கினேன். அசையாமல் முட்டிக்கொண்டு நின்றால் இது ஒன்றே இரண்டரை ஆம்பியர் இழுக்கும். ஐந்து விரலும் சேர்ந்து மடங்கியபோது ரோபோவை இயக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அணைந்து மறுபடி கிளம்பியது. கணினிக்கும் மோட்டாருக்கும் தனித்தனி சப்ளை, இரண்டின் கிரவுண்டையும் இணைக்கும் ஒரு வயர், மோட்டார் பக்கம் ஒரு பெரிய கெபாசிட்டர், ஒரு பியூஸ். இவ்வளவு செய்த பிறகு அந்தப் பிரச்சினை திரும்ப வரவில்லை. பியூஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டில் ஆள் தனியாக இருக்கும்போது ஓடுகிற பொருள் இது.

கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அதிகம் உழைத்ததும் அதிகம் ஏமாந்ததும் கையில்தான். விரல்களை இழுப்பது முன்கைக்குள் ஓடும் தூண்டில் நரம்பு. சாதாரண நைலான் நரம்பைப் போட்டேன். நைலானும் ஈரம் குடித்து நீளும். காலையில் இறுக்கிக் கட்டினால் மாலைக்குள் சுண்டுவிரல் தொங்கிவிடும். பின்னல் நரம்புக்கு மாறியதும் அது நின்றது. பிறகு முழங்கை. எம்ஜி996ஆரின் உச்ச பலம் 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-சென்டிமீட்டர், அதாவது அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 9.4 கிலோ. பெரிதாகக் கேட்கும். ஆனால் மோட்டார்களோடு சேர்த்து என் முன்கை 1.1 கிலோ, அதன் எடை மையம் முழங்கையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பெருக்கினால் 22. இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் பூட்டினேன். பல்சக்கரம் உடைந்தது. இன்மூவின் மூல வடிவத்தில் அந்த இடத்தில் புழுப் பல்சக்கரம் (திருகு போன்ற தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) இருப்பது இதற்காகத்தான்: மெதுவாக நகரும், ஆனால் மின்சாரம் இல்லாமலே எடையைத் தாங்கி நிற்கும். அச்சடிக்கச் சோம்பல்பட்டு விட்ட பாகம் அது. பிறகு அதையே அச்சடித்துப் போட்டேன்.

கை வேலை செய்தது. டம்ளரைப் பிடித்தது. வந்தவர்களுக்கு வணக்கம் வைக்க ஒரே கைதான் என்பதால் சலாம் போட்டது. அம்மா முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "டம்ளரை நான்தான் அவன் கையில் கொடுக்கிறேன், திரும்ப நான்தான் வாங்குகிறேன். இடையில் இவன் எதற்கு?" என்றார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பேச்சும் அப்படித்தான் போனது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் ராஸ்பெரி பையில் அதன் ஓரளவு உருப்படியான வடிவத்தை ஓடவிட்டால் ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் யோசித்தது. அம்மா பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசினால் அதுவும் இல்லை. மழையில் இணையம் போய்விடும் ஊரில் வெளியே அனுப்பிக் கேட்பதையும் நம்ப முடியாது. நான்கு மாதம் மல்லுக்கட்டிவிட்டுக் கேட்கும் பகுதியையே எடுத்துவிட்டேன். இப்போது மொட்டையன் பேசுவது காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும் மாத்திரையை நினைவூட்ட மட்டும். மகளின் குரலில் பதிவு செய்தது. கணினிக் குரலை அம்மா ஏற்கவில்லை. என் குரலை வைத்தபோது, வேலைக்குப் போயும் இவன் அதிகாரம் போகவில்லை என்றார்.

ஆக, நிலைத்தது எது? கழுத்து. கேமராவில் முகம் தெரிந்தால் அதன் பக்கம் தலை திரும்பும். நான் சனி, ஞாயிறு இரண்டு நாளில் செய்து முடித்த வேலை. அம்மா சமையலறையிலிருந்து வந்தால் தலை மெல்லத் திரும்பும், நாற்காலியில் உட்கார்ந்தால் கூடவே தாழும். அதைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். கொழுந்து விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, முந்தின இரவு கரடி வந்து பலா மரத்தடியில் செய்த அட்டகாசம், எல்லாம் அவனுக்குச் சொல்லியாகிவிட்ட பிறகுதான் மாலையில் எனக்கு வருகிறது.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. முதலில் நான் பயன்படுத்தியது 2001இல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் வெளியிட்ட முகம் காணும் முறை. கண் பகுதி கன்னத்தைவிடக் கருமை, மூக்குத்தண்டு இரு கண்களையும்விட வெளிச்சம் என்பது போன்ற வெளிச்ச வித்தியாசங்களை வைத்து முகம் என்று முடிவு கட்டும். எங்கள் குளிரில் அம்மா காலை பத்துவரை மப்ளரை மூக்குவரை சுற்றியிருப்பார். அவர் முகம் அதற்குத் தெரியாது. எதிர்ச்சுவரில் காலண்டர் முருகன் முகம் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரம் மொட்டையன் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அவன்மேல் மரியாதை கூடிவிட்டது. நான் யூநெட் என்ற புதிய முறைக்கு மாற்றி, பத்து நிமிடம் அசையாத முகத்தை ஒதுக்கும்படி இரண்டு வரி எழுதினேன். பக்தி போய்விட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

குளிருமே என்று அவனுக்கு ஒரு கம்பளிக் குல்லாயும் பின்னினார். அப்போது கணினி மண்டைக்குள்ளேயே இருந்தது. ராஸ்பெரி பை 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தலை விட்டுவிட்டு ஆடியபோது கழுத்து மோட்டாரைச் சந்தேகித்து மாற்றினேன், குற்றவாளி குல்லாய். கழற்றச் சொல்லத் துணிவில்லாமல் கணினியை மார்புக்கு இறக்கினேன். பிறகு பார்த்தால், இரவிலும் சேலை மாற்றும்போதும் அம்மா அந்தக் குல்லாயைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிடுகிறார். காட்சி இருட்டானால் கழுத்து தளர்ந்து தலை குனியும்படி மாற்றினேன். வீட்டுக்குள் கேமரா வைக்கிற யாருக்கும் இதைச் செய்யச் சொல்வேன். படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, வெளியே போவதும் இல்லை என்று நான் எவ்வளவு விளக்கினாலும் அந்தக் குல்லாய் தருகிற நிம்மதி வராது.

செலவு: பிரிண்டர் 17,000 ரூபாய். கம்பி 7 கிலோ, வீணானதையும் சேர்த்து 6,650. சர்வோ பொருத்தியது 12, செத்து மாற்றியது 6, ஆக 18க்கு 6,840. கணினியும் கேமராவும் 6,500. சப்ளை, வயர், ஸ்க்ரூ, பேரிங், பின்னல் நரம்பு, கூரியர் எல்லாம் சேர்த்து 6,000. ஏறக்குறைய 43,000. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பிரிண்டர் இருந்து, தலையையும் கழுத்தையும் மட்டும் செய்தால் 12,000க்குள் முடித்துவிடலாம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். கை மாணவர்களுக்கு நல்ல பாடம். கற்றுக்கொள்ளச் செய்கிறவர்கள் அவசியம் செய்யுங்கள். பெரியவர்களுக்குத் துணையாகச் செய்கிறவர்கள் கைக்கு ஆகும் நேரத்தைக் கழுத்து நடுங்காமல் திரும்புவதற்குச் செலவிடுங்கள். மோட்டாரைச் சட்டென்று திருப்பாமல் ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தினால் பல்சக்கரமும் பிழைக்கும், பார்க்கிறவர்களும் திடுக்கிட மாட்டார்கள்.

கழற்றிய கை பீரோவின் மேல் இருக்கிறது. தலையை நிமிர்த்தும் கழுத்து மோட்டாரில் இரண்டு நாளாகக் கரகரவென்று சத்தம். மேட்டுப்பாளையம் இறங்கும் 33 கிலோமீட்டரில் மண் சரிந்தால் கூரியர் நின்றுவிடும் என்பதால், சனிக்கிழமை நானே கோவைக்குப் போய் வாங்கி வருகிறேன். ஒன்றுக்கு இரண்டாக.