மேலே புதுப் பெயிண்ட், உள்ளே பழைய உப்பு: அவுட்போர்டு மோட்டார் ‘புதுப்பிப்பு’ பற்றி ஓர் எச்சரிக்கை

உப்பரித்த பழைய அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் மாட்டும் என்ஜின்) யாரிடமாவது கொடுத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது 1950களில் வந்த ஜான்சன் சீஹார்ஸ். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். திரும்பி வந்ததும் அதே மோட்டார்தான், பெயிண்ட் மட்டும் புதிது. கூலியோ முழு வேலைக்கும் வாங்கப்பட்டது.

என்னென்ன வேலை என்பதில் குழப்பமே இல்லை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர் பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீல்களையும் மாற்ற வேண்டும், பிளைவீல் என்ற சுழல்சக்கரத்துக்கு அடியில் இருந்து தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு காயில்களையும் புதிதாகப் போட வேண்டும், பெயிண்ட் அதற்குப் பிறகுதான். எல்லாம் எழுத்தில் இருந்தது. கடைசியில் நீட்டிய பில்லிலும் அத்தனையும் வரிசையாக இருந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை.

வந்து இறங்கியபோது மோட்டார் கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கியது. ஸ்டிக்கர்கூடப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். ஆனால் பில்லைப் படித்தபோதே எனக்கு ஓர் உறுத்தல்: ஒரு போல்ட்கூட உடைந்ததாக அதில் இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரைத் திறந்தவர் யாராக இருந்தாலும் போல்ட்டைப் பற்றிப் புலம்பாமல் இருக்கமாட்டார். அலுமினிய வார்ப்புக்குள் எஃகு போல்ட் இருக்கிறது; நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி வினை தொடங்கி அலுமினியம் கரைகிறது. அப்படி உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். சூடேற்றி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் போல்ட் தலை கையோடு வந்துவிடும், மிச்சம் உள்ளே நின்றுவிடும். அப்புறம் துளையிட்டு, புதிதாக மரை வெட்டி அல்லது மரைச்சுருள் பொருத்தித்தான் சரிசெய்ய வேண்டும். நேர்மையாகப் புதுப்பிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஏமாற்றுகிறவர் கை வைக்காத இடமும் இதுவே.

ஹெட் போல்ட்களை உற்றுப் பார்த்தேன். போல்ட் தலையிலிருந்து வார்ப்பின் மேல் வரை பெயிண்ட் ஒரே தோலாகப் படிந்திருந்தது. வேலை செய்தவரைத் தொலைபேசியில் கேட்டால், “எல்லாவற்றையும் சேர்த்து மாட்டிய பிறகுதான் சார் பெயிண்ட் அடிப்போம், அப்படித்தான் இருக்கும்” என்றார். நியாயமான பதில்தான். ஆகவே ஒரு போல்ட்டின் ஓரத்தில் மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயிண்ட் இருந்தது. அதுவும் போல்ட்டிலிருந்து வார்ப்புக்கு விரிசலே இல்லாமல் ஓடியது. அதற்கும் கீழே, போல்ட்டைச் சுற்றி வளையமாக அந்த வெள்ளைப் பொடி. இடையில் யாராவது ஸ்பேனர் போட்டிருந்தால் பழைய பெயிண்ட் போல்ட்டின் ஓரத்தில் கட்டாயம் கிழிந்திருக்கும்.

இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. கியர் பெட்டியின் அடி ஸ்குரூவைக் கழற்றினேன். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு பால் கலந்தது போன்ற ஆயில். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கியிருந்து முதலில் வெளியேறுகிறது. சீல் மாற்றிய கியர் பெட்டி இப்படி இருக்க வழியில்லை. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டின் விளிம்பு அரித்துக் குழி விழுந்திருந்தது எனக்குத் தெரியும். இப்போது வழவழவென்று இருந்தது. காரில் பட்டி பூசியிருப்பதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அலுமினியத்தில் அந்த வித்தை பலிக்காது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். உலோகம் இருக்கும் இடத்தில் கணீரென்ற ஒலி, குழி இருந்த இடத்தில் மொத்தென்ற ஒலி. அத்தனையும் பட்டி.

இம்பெல்லரும் பழையதே. இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து, அப்படியே விறைத்துப் போயிருந்தன. காயில்களின் மேலுறை வெடித்திருந்தது. காயிலுக்கான மின்தொடர்பை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டை மட்டும் தேய்த்துத் துடைத்திருந்தார்கள், தீப்பொறி வருவதற்கு அது போதும். “ஓட்டிக் காட்டினோமே சார்” என்பதுதான் இதற்கெல்லாம் அவருடைய ஒரே பதில். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டிய காணொளியைத்தான் சொல்கிறார். வெடித்த காயில் குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும், சூடான பிறகுதான் கைவிடும். நீர்ப்பாதை அடைத்த என்ஜினும் சுமை இல்லாமல் சிறிது நேரம் ஓடும். டிரம்மில் ஓடியது என்பது எதற்கும் சாட்சி அல்ல. போதாக்குறைக்கு, பெட்ரோலில் 50க்கு 1 என்று ஆயில் கலக்கச் சொல்லி ஒரு சீட்டு வேறு. அந்தக் கலவை 1960களில் வந்த மோட்டார்களுக்கானது. இதில் 24க்கு 1 என்று கலப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

என்னை மிகவும் கொதிக்க வைத்தது டேங்க் விவகாரம். அந்தக் கால ஜான்சன்களில் பெட்ரோல் பம்ப் கிடையாது. என்ஜினின் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று டேங்குக்குப் போய் அழுத்தம் கொடுக்கும், இன்னொரு குழாய் வழியாகப் பெட்ரோல் மேலே வரும். அந்த இரட்டைக் குழாய் டேங்க் இல்லாவிட்டால் மோட்டார் வெறும் இரும்புக்கடைச் சரக்கு. இப்போது கிடைப்பதும் அரிது; சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். என் டேங்க் திரும்பி வரவில்லை. “அது ஓட்டை சார், வேலை ஆரம்பிக்கும் முன்பே தூக்கிப் போட்டுவிட்டோம்” என்றார். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டிரம்முக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நசுங்கலோடு, என் டேங்க். இரண்டு குழாய்களும் மாட்டியிருக்கின்றன. ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்ட டேங்க் கடைசி நாளில் எப்படி மோட்டாரை ஓட்டியது என்று கேட்டேன். அன்றிலிருந்து அழைப்பை எடுப்பதில்லை.

இப்படிப்பட்ட வேலையைக் கொடுக்கும்போது, கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவரிடம் மோட்டாரை விடாதீர்கள். ஹெட்டைக் கழற்றிய நிலையில் படம் கேளுங்கள். நீர்ப்பாதையில் உப்பு கட்டியிருப்பது அதில் தெரியும். இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) அளவையும் வேலைக்கு முன்னும் பின்னும் குறித்துத் தரச் சொல்லுங்கள். பெயிண்டுக்கு முன்பு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் பிறகு எல்லா மோட்டாரும் ஒன்றுபோல்தான் தெரியும்.

மோட்டார் இப்போது வேறொரு மெக்கானிக்கிடம் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றும்போது இரண்டு போல்ட் உடைந்ததாகவும் அதற்குத் தனிக் கூலி ஆகும் என்றும் சொல்லி, உடைந்த துண்டுகளை உறையில் போட்டுக் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். டேங்க் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இரட்டைக் குழாய் ஜான்சன் டேங்க் எங்காவது தனியாக விற்பனைக்கு வந்தால், பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.