வெள்ளவத்தை லேப்பில் கேட்ட ஒரே கேள்வி

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, நான் ஊருக்குப் போனால் அவரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது வழக்கம். இந்த முறை போனது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருக்கும் ஒரு லேப். முந்தியெல்லாம் டொக்டரின் துண்டைக் காட்டினால்தான் கையைத் தொடுவார்கள். இப்போது கவுன்டரில் இருந்த பையன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “ஹார்ட் பக்கேஜ்தானே?” என்று பில்லை அடித்து நீட்டிவிட்டான். கொலஸ்ட்ரோல், சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இருதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி, கொலஸ்ட்ரோலைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் ஏ, எல்லாம் ஒரே விலைக்குள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே இரத்தம் எடுக்க வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பட்டியைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: “ஐயா, இந்தக் கிழமை காய்ச்சல், தடிமன் ஏதும் வந்ததோ?”

“தடிமன் வந்தது பிள்ளை. இருமல் இன்னும் போகேல்லை.”

கையை நிறுத்தினார். பில்லை வாங்கி, சிஆர்பி என்ற வரியை நீலப் பேனாவால் வெட்டினார். “இதை இப்ப எடுத்தால் கூடத்தான் காட்டும், வீணாப் பயந்துபோவீங்கள். நல்லா சுகமாகி ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ.” மற்றவற்றுக்கு இரத்தம் எடுத்த கையோடு கவுன்டருக்கு வந்து, அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. இருதய நோயாளிக்கு சிஆர்பி லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் நின்றால், உடம்பில் அழற்சி இருக்கிறது, மறுபடி மாரடைப்பு வரும் ஆபத்தும் கூட என்று எடுப்பார்கள். ஆனால் ஒரு தடிமனே அதை 10ஐத் தாண்ட வைத்துவிடலாம். லண்டனில் எனக்கு எத்தனையோ தடவை இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பெயரும் பிறந்த திகதியும் கேட்பார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதே இல்லை.

டொக்டரைச் சனல் பண்ணிய, அதாவது தனியாரில் நம்பர் எடுத்துப் பார்த்த, கதை வேறு. ஆறு மணி என்று நம்பர் தந்துவிட்டு, ஒன்பதரைக்கு உள்ளே விட்டார்கள். மருந்து குடிக்கும் வயதான சனம் பசியோடு பிளாஸ்டிக் கதிரையில் காத்திருக்க வேண்டுமா? இருபது வருசமாக இது மாறவேயில்லை!

ஆனால் ஆள் கெட்டிக்காரர். வயதும் சிறுநீரகமும் என்டி-ப்ரோபிஎன்பியை ஏற்றிவிடும் என்று, அதைக் கிரியேட்டினினோடு சேர்த்துத்தான் பார்த்தார். கெட்ட கொலஸ்ட்ரோலான எல்டிஎல் டெசிலீற்றருக்கு 84 மில்லிகிராம். ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டல்படி அப்பா மாதிரி ஆட்களுக்கு அது 55க்குக் கீழே இருக்க வேண்டும். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு, அதற்கே இன்னொரு மருந்தான எசெட்டிமைப்பும் எழுதினார். அப்புறம் லிப்போபுரோட்டீன் ஏ, லீற்றருக்கு 142 நனோமோல். 125ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டியது. பரம்பரையாக வருவது, சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாகக் குறையாது.

“பிள்ளைகளும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. ஆயுளுக்கு ஒரு தடவை பார்த்தால் அநேகமாகக் காணும்” என்றார். தங்கச்சி அடுத்த நாள் காலையே அந்த அம்மாவிடம் போய் எடுத்துவிட்டாள். நான் லண்டனுக்குத் திரும்பி, இதைக் கேட்பதற்கு ஜிபியின், அதாவது அங்கத்தைய குடும்ப டொக்டரின், அப்பொயின்ட்மென்ட் கிடைக்காமல் இன்னும் காத்திருக்கிறேன்.