கோ மொழியின் கோரூட்டீன் ஸ்டாக்: ஒரு மதிப்பீடு

லினக்ஸில் ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் தனித்து ஓடும் ஓர் இழையை, தொடங்கினால், அதன் ஸ்டாக்குக்கென்று (ஃபங்ஷன் அழைப்புகளின் லோக்கல் மாறிகள் தங்கும் நினைவகத்துக்கென்று) வழக்கமாக 8 எம்பி முகவரிவெளி ஒதுக்கப்படுகிறது. கோ நிரல்மொழியோ, கோரூட்டீன் எனப்படும் தன் இலகுவான இழை ஒவ்வொன்றையும் 2 கேபி ஸ்டாக்குடன் தொடங்கித் தேவைக்கேற்ப வளர்ப்பதால், ஒரு லட்சம் கோரூட்டீன்களின் ஸ்டாக்குக்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 எம்பி போதும். ஏராளமான இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்க வேண்டிய சர்வர்களுக்கு இந்த மொழியை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தொடக்கப் பதிப்புகளில் ஸ்டாக் துண்டு துண்டாகக் கோக்கப்பட்டது. துண்டின் விளிம்பில் இருக்கும் ஒரு ஃபங்ஷன் லூப்புக்குள் இன்னொன்றை அழைத்தால், ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய துண்டு ஒதுக்கப்படும், திரும்பியதும் விடுவிக்கப்படும்; எங்கோ ஒரு லோக்கல் மாறியைக் கூடுதலாகச் சேர்த்ததற்கே நிரலின் வேகம் சரிந்துவிடக்கூடும். 2013இல் வந்த 1.2 பதிப்பு தொடக்க அளவை 8 கேபியாக உயர்த்தி இதைத் தணித்தது. 2014இல் வந்த 1.3 பதிப்பு துண்டு முறையையே கைவிட்டது. அந்த ஆண்டின் 1.4 பதிப்பில்தான் 2 கேபி சாத்தியமாயிற்று.

இப்போது இடம் போதாவிட்டால், இருமடங்கு பெரிய ஸ்டாக் ஒதுக்கப்பட்டுப் பழையது அதற்குள் நகலெடுக்கப்படுகிறது. நகலெடுத்தால் முகவரிகள் மாறுமே என்ற கேள்விக்குக் கோ மொழியை உருவாக்கியவர்கள் கண்டிருக்கும் விடை என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு மாறியின் முகவரி அதன் ஃபங்ஷனுக்கு வெளியே தப்பிவிடும் என்று கம்பைலர் கருதினால் அந்த மாறியை ஹீப்பில், அதாவது ஸ்டாக்குக்கு வெளியே உள்ள பொது நினைவகத்தில், வைத்துவிடுகிறது. எனவே ஸ்டாக்கைச் சுட்டும் பாயின்டர்கள் (முகவரியைத் தாங்கும் மாறிகள்) பெரும்பாலும் அதே ஸ்டாக்கிலேயே இருக்கின்றன, நிரலோடு சேர்ந்து ஓடும் கோ மொழியின் ரன்டைம் அவற்றைக் கண்டறிந்து திருத்திவிடுகிறது. முகவரியை எங்கு வேண்டுமானாலும் ஒளித்துவைக்க விடும் சி மொழியில் இது நடக்காது.

குறைகளும் உண்டு. பெரிதான ஸ்டாக், பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் இயங்கும்போது மட்டுமே சுருங்கும். அப்போதும் கால்பங்குக்கும் குறைவாகப் பயன்பட்டால்தான் பாதியாகும். ஆழமாக அழைக்கும் குறுகிய ஆயுள் கோரூட்டீன்கள், ஸ்டாக் 2, 4, 8, 16 கேபி என்று வளரும்போது ஒவ்வொரு முறையும் நகலெடுப்பின் விலையைக் கொடுக்கின்றன. 2022இல் வந்த 1.19 பதிப்பு, சராசரிப் பயன்பாட்டைப் பார்த்துத் தொடக்க அளவை முடிவுசெய்வது நல்ல திருத்தம்.

ஒரு ஃபங்ஷன் தன்னையே முடிவின்றி அழைக்கும் ரிகர்ஷனில், 64 பிட் கணினியில் ஸ்டாக் 1 ஜிபி வரை வளர அனுமதிக்கப்படுவது எனக்கு ஏற்புடையதன்று. 512 எம்பி நினைவக வரம்புள்ள கன்டெய்னரில் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலில்) அந்த வரம்பை எட்டுமுன்பே இயங்குதளத்தின் கர்னல் நிரலைக் கொன்றுவிடுவதால், எந்த ஃபங்ஷன் காரணம் என்று காட்டும் ட்ரேஸ் (அழைப்புகளின் பட்டியல்) கிடைக்காது. சிறிய கன்டெய்னர்களில் ஓட்டுவோர் கோ மொழியின் செட்மேக்ஸ்ஸ்டாக் என்ற ஃபங்ஷன் மூலம் வரம்பைச் சில பத்து எம்பிக்குக் குறைத்துக்கொள்வது நல்லது.