பல் கிளினிக்குக்கு ஒரு ஸ்டார், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு மூணரை

கிளினிக் பேரும் போடல ஊரும் போடல, வக்கீல் அக்கா போடாதேன்னுட்டாங்க. உள்ள போனா குறையே சொல்ல முடியாது, ஏசி, மீன் தொட்டி, காபி மெஷின், ரிசப்ஷன்ல ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுகிட்டே டோக்கன் குடுக்கும். கூகுள்ல 4.8 இருந்துச்சு, அதை நம்பித்தான் 2022 ஜூன்ல போனேன். கீழ்வரிசையில வலது கடவாப்பல்லு, சொத்தை. கிராம்பை வச்சு அமுக்கியே ஒரு மாசம் ஓட்டிட்டேன், அது என் தப்புதான்.

எக்ஸ்ரே எடுத்துட்டு வேர்ல சீழ் புடிச்சிருக்கு, ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லக் காப்பாத்திடலாம்னாரு டாக்டர். மொத்தம் 9,500. ஜிபே பண்ணிட்டேன், பில் கேட்டா "கடைசி சிட்டிங்ல சேத்து தர்றோம்மா". சேர்ல சாஞ்சு வாயைத் திறந்து வச்சிருக்கும்போதே ஒரு இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டுனாங்க, படிக்காமத்தான் கையெழுத்து போட்டேன், யாரு அந்த நேரத்துல படிப்பா.

மரத்துப்போற ஊசி போட்டு முக்கால் மணி நேரம் குடைஞ்சாரு. நடுவுல ஒரு தடவை டக்குன்னு நிறுத்திட்டு பக்கத்துல நின்ன பொண்ண பாத்தாரு, அவ இவரைப் பாத்தா, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் தற்காலிகமா அடைச்சு விட்டுட்டு அஞ்சு நாளைக்கு மாத்திரை, அடுத்த திங்கட்கிழமை வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு ஒரு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

மறுநாளே கன்னம் வீங்கிடுச்சு. போட்டோ எடுத்து கிளினிக் வாட்ஸ்அப்புக்கு அனுப்புனேன், "நார்மல்தான்மா, மாத்திரையை கன்டினியூ பண்ணுங்க". மூணாவது நாள் வீக்கம் தாடைக்கு அடியில எறங்கிடுச்சு, மறுபடி போட்டோ, மறுபடி அதே பதில், கூட ஒரு கும்பிடு எமோஜி. நாலாவது நாள் வாய்க்குள்ள ஒரு விரல் நுழையல, நாக்கு மேல தூக்கிக்கிச்சு, எச்சி முழுங்க முடியாம துண்டுல துடைச்சுகிட்டே இருக்கேன், காய்ச்சல் 102. போன் பண்ணா டாக்டர் கேம்ப்ல இருக்காராம், திங்கட்கிழமை வரணுமாம். தம்பிதான் ராத்திரி 11 மணிக்கு வண்டியில ஒக்கார வச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனான்.

அங்க இருந்த தாடை சர்ஜன் தொட்டுப் பாத்ததுமே லுட்விக்ஸ் ஆஞ்சைனான்னாரு. ஆஞ்சைனான்னதும் ஹார்ட்டுன்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. ஹார்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பல்லு வேர்ல இருக்குற சீழ் நாக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் பரவி ரெண்டு பக்கமும் வீங்குறது, முத்திப்போனா மூச்சுக்குழாயையே அடைச்சுடும். கீழ்வரிசை கடைசி ரெண்டு கடவாப்பல்லோட வேர் ரொம்ப ஆழமா எறங்கி இருக்கும், அதனால சீழ் அந்தப் பக்கமா கீழ எறங்குறது சுலபமாம். என் பல்லு அதுல ஒண்ணு. சீழ் வெளிய போக வழி விடாம வெறும் மாத்திரையை வச்சு ஓட்டக் கூடாது, வீங்குன அன்னிக்கே தொறந்து விட்டிருக்கணும்னு சொன்னாரு. தாடைக்கு அடியில கீறி ரப்பர் ட்யூப் வச்சாங்க, பல்லையும் புடுங்கிட்டாங்க. நாலு நாள், 68,400 ரூபா. அங்க எடுத்த எக்ஸ்ரேல வேருக்குள்ள வெள்ளையா ஒரு கம்பித் துண்டு. ரூட் கெனால் பண்ற ஊசி, அதுக்கு ஃபைல்னு பேரு, அது உடைஞ்சு உள்ளயே நின்னுருக்கு.

இப்ப ரெண்டாவது ரிவ்யூ, கன்ஸ்யூமர் கோர்ட்.

தம்பி நேரா போலீஸ் ஸ்டேஷன் போலாம்னு குதிச்சான். வக்கீல் அக்கா அவனை ஒக்கார வச்சு சொன்னாங்க, டாக்டர் மேல கிரிமினல் கேஸ்னா கவனக்குறைவு ரொம்ப மோசமா இருந்திருக்கணும், வேற ஒரு டாக்டரோட கருத்தும் வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2005லயே ஜேக்கப் மேத்யூ கேஸ்ல சொல்லிடுச்சு, அதுல போனா இழுத்துகிட்டு கெடக்கும்னு. டென்டல் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், அவங்க டாக்டரை விசாரிப்பாங்க, ரெஜிஸ்டர்ல இருந்து பேரைக் கூட எடுக்கலாம், ஆனா நமக்கு நஷ்டஈடு வாங்கித் தர மாட்டாங்க. பணம் வேணும்னா நுகர்வோர் ஆணையம்தான், அதாவது இந்த கன்ஸ்யூமர் கோர்ட். காசு வாங்கிட்டு பாக்குற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துல வரும்னு 1995லயே வி.பி. சாந்தா கேஸ்ல முடிவாயிடுச்சு. எல்லாருக்கும் இலவசமா பாக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா இந்த வழி கெடையாது, இது நெறைய பேருக்கு தெரியல.

எனக்கு புடிச்ச விஷயத்தை சொல்லிடறேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், கிளினிக் இருக்குற ஊருக்கு அலைய வேண்டாம். நாம கட்டுன தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் ஒரு பைசா இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான். வக்கீல் கூட கட்டாயம் இல்ல, நாமே நின்னு பேசலாம், எனக்கு தைரியம் வரல, அக்காவுக்கு 25,000 குடுத்தேன். இ-தாக்கில் போர்ட்டல்ல வீட்ல ஒக்காந்தே அப்லோட் பண்ணோம், அது 2023 பிப்ரவரி. இப்ப அதுக்கு பதிலா இ-ஜாக்ரிதி வந்திருக்கு.

அதுக்கு முன்னாடி வக்கீல் நோட்டீஸ் விட்டோம்ல, அதுக்கு கிளினிக்லேந்து வந்த சமாதானம் இருக்கே, 9,500ஐ திருப்பித் தர்றாங்களாம், கூட அந்தப் பல்லுக்கு கேப் ஃப்ரீயாம். அந்தப் பல்லே இல்லைங்க.

அவங்க கோர்ட்ல போட்ட பதில் வேற மாதிரி. ஃபைல் உடையறது எந்த டாக்டருக்கும் நடக்கும், அது கவனக்குறைவு ஆகாதுன்னாங்க. உண்மைய சொன்னா அது சரிதான், வளைஞ்ச வேர்ல நல்ல டாக்டர் கையிலயும் உடையும், அதை வச்சு மட்டும் கேஸ் போட்டிருந்தா தோத்திருப்பேன். உடைஞ்சதை எங்கிட்ட சொல்லாம மறைச்சதும், வீக்கத்தைப் பாத்தும் கூப்பிடாததும்தான் எங்க கேஸ். ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டீங்களேன்னு ஒரு வாதம், ட்ரீட்மென்ட்டுக்கு சம்மதம் குடுத்தா அஜாக்கிரதைக்கும் சம்மதம்னு ஆயிடுமான்னு அக்கா கேட்டாங்க. நிபுணர் கருத்து இல்லாம கேஸே நிக்காதுன்னு இன்னொண்ணு, அதுக்கு 2010 கிஷன் ராவ் தீர்ப்பை எடுத்து நீட்டுனாங்க, எல்லா கேஸுக்கும் நிபுணர் கட்டாயம் இல்லன்னு அதுல இருக்கு. நல்லவேளை, ஏன்னா எனக்கு ஆபரேஷன் பண்ண சர்ஜன் நல்ல மனுஷன்தான் ஆனா இன்னொரு டாக்டருக்கு எதிரா தனியா எழுதித் தர மாட்டேன்னுட்டாரு, டிஸ்சார்ஜ் சம்மரில பாத்ததை மட்டும் பாத்தபடி எழுதியிருந்தாரு, எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

கேஸ் திரும்புன எடம் எதுன்னா அவங்க தாக்கல் பண்ண என்னோட கேஸ் ஷீட். அதுல கீழ ஒரு வரி, "வீக்கம் இருந்தால் உடனே வரச் சொல்லியும் நோயாளி வரவில்லை"ன்னு இங்கிலீஷ்ல. எனக்கு அடிவயிறு எரிஞ்சுது. ஆனா பாருங்க, மொத நாளே ஆபீஸ்ல மெடிக்கல் கிளெய்ம் போடணும்னு அந்த கேஸ் ஷீட்டை நான் போட்டோ எடுத்து வச்சிருந்தேன், பில் அப்பவே தராததால. என் போட்டோல அந்த வரியே இல்ல. அக்கா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பிரின்ட் போட்டு, வாட்ஸ்அப் சாட்டையும் சேத்து, போன்ல இருக்குற ஆதாரத்தை கோர்ட் ஏத்துக்கறதுக்கு வேண்டிய 65பி சர்ட்டிபிகேட்டோட குடுத்தாங்க. அன்னிக்கு எதிர்தரப்பு வக்கீல் ஒண்ணும் பேசல, வாய்தா கேட்டாரு.

வாய்தான்னதும்தான் ஒன்றரை ஸ்டாரை ஏன் புடுங்குனேன்னு சொல்லணும். சட்டத்துல மூணு மாசம், ஏதாவது டெஸ்ட் பண்ண வேண்டியிருந்தா அஞ்சு மாசத்துக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு இருக்கு. எனக்கு ரெண்டு வருஷம் ரெண்டு மாசம். 14 தடவை போனேன், அதுல பாதி "அடுத்த தேதி"ன்னு ஒரு வார்த்தையைக் கேக்க. நடுவுல அந்த டாக்டரோட இன்சூரன்ஸ் கம்பெனியை ரெண்டாவது எதிர்தரப்பா சேக்கணும்னு மனு போட்டாங்க, அதுல ஆறு மாசம் போச்சு. ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு, மேனேஜர் "பல்லு இன்னுமாம்மா முடியல"ன்னு கேப்பாரு. லன்ச் டைம்ல வராண்டாவுல ஒக்கார எடம் கெடையாது, டீக்கடை மட்டும் சூப்பர், வடை ஏழு ரூபா.

2025 ஏப்ரல்ல ஆர்டர். நான் கேட்டது 5 லட்சம். குடுத்தது கிளினிக்ல கட்டுன 9,500, ஆஸ்பத்திரி செலவு 68,400, மன உளைச்சலுக்கு 75,000, வழக்குச் செலவு 10,000, ஆக 1,62,900. கம்மியா இருக்கேன்னு தம்பி மூஞ்சியை தூக்கிகிட்டான். எனக்கு அந்த ஆர்டர்ல, பதிவேட்டுல பிற்பாடு சேத்த வரியை நம்ப முடியலன்னு எழுதியிருந்த ஒரு பாராவே போதும், ரெண்டு ராத்திரி அதை திருப்பி திருப்பி படிச்சேன். அவங்க அப்பீல் போகணும்னா 45 நாளைக்குள்ள போகணும், பாதித் தொகையை முன்னாடியே கட்டணும், அதனாலயோ என்னவோ போகல. ஜூலைல செக் வந்துச்சு, டாக்டர் கணக்குலேந்து இல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிலேந்து. அவரு கையிலேந்து ஒரு ரூபா போயிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

தாடைக்கு அடியில ரெண்டு தழும்பு இருக்கு, வலது பக்கம் முறுக்கு கடிக்க முடியாது. பல்லு கட்டலாம்னு இருக்கேன், அதுக்கு வேற எடம் பாத்து வச்சிருக்கேன், அங்க மீன் தொட்டி இல்ல.

செக் வந்த மறு வாரம் அந்த கிளினிக் நம்பர்லேந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப், ஆடி ஆஃபர், பல் கிளீனிங் 499 மட்டுமே, கூட அதே கும்பிடு எமோஜி. என் நம்பரை இன்னும் அழிக்கவே இல்ல. வக்கீல் அக்காவுக்கு ஃபார்வேர்டு பண்ணேன், "எதுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைடி"ன்னு பதில் வந்துச்சு.